குகைச் சுவரில் வாழும் பச்சைக் கஞ்சர்கள்

குகைக்குள் செடி கொடி வளருமா என்று கேட்டால் பாதிப் பேர் வளராது என்பார்கள், மீதிப் பேர் வளரும், இருட்டுக்குப் பழகிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது பதிலில்தான் அதிக எரிச்சல். இருட்டுக்குப் பழகிய பச்சை உயிர் என்று எதுவும் கிடையாது. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும், அதில் பேரமே இல்லை. குகைக்குள் கண் இல்லாத மீன் இருக்கிறது, நிறமே இல்லாத இறால் இருக்கிறது, அவையெல்லாம் வெளிச்சத்தை உண்மையிலேயே கைகழுவிவிட்டு வாழ்கிறவை. பச்சை உயிர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நாம் "ஒன்றும் தெரியவில்லை" என்று திரும்பி வந்துவிடுகிற இடத்திலும் கொஞ்சம் ஒளி மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைப் பொறுக்கி எடுத்து, மிகமிகக் குறைவாகச் செலவழித்து, வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அவை செய்வது. சரியான கஞ்சர்கள்.

எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார்த்துவிடலாம். உச்சிவெயிலில் திறந்த வெளியில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். குகை வாயைத் தாண்டி உள்ளே நடக்க நடக்க அது படிப்படியாகக் குறையாது, சரசரவென்று விழும். வாயில் எவ்வளவு பெரியது, எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, பாதை நேராகப் போகிறதா வளைகிறதா, சுவர் வெளுப்பா கறுப்பா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு குகையிலும் கணக்கு மாறும். ஆனால் உயிர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசை மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் பூக்கும் செடிகள், அப்புறம் பெரணிகள், அதற்குப் பின்னால் மாஸ் (ஈரச் சுவரில் மெத்தைபோல் படரும் பூக்காத குட்டிச் செடி), எல்லாவற்றுக்கும் கடைசியில் சுவரோடு சுவராகப் படிந்த பாசிகளும், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான சயனோபாக்டீரியாவும். மலேசியாவில் பத்துமலைக்குப் போனவர்கள் 272 படி ஏறி உள்ளே போய், கடைசியில் கூரை திறந்து மேலிருந்து வெளிச்சம் கொட்டும் இடத்தில் நின்றிருப்பீர்கள். அதுவும் சுண்ணாம்புக்கல் குகைதான். அடுத்த முறை போனால் வெளிச்சம் நேரே விழும் சுவரையும் பக்கத்திலேயே நிழலில் இருக்கும் சுவரையும் சேர்த்துப் பாருங்கள், எங்கே பச்சை தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பது ஒரு வரைபடம் மாதிரி தெரியும்.

இதற்குப் பின்னால் இருப்பது சுத்தமான வரவு செலவுக் கணக்கு. செடி ஒளியிலிருந்து சர்க்கரை செய்கிறது, அது வரவு. ராத்திரி பகல் பார்க்காமல் சுவாசித்து அந்தச் சர்க்கரையை எரிக்கிறது, அது செலவு. வரவும் செலவும் சரியாக நிற்கும் ஒரு வெளிச்ச அளவு ஒவ்வொரு செடிக்கும் உண்டு, அதற்குக் கீழே போனால் கையிருப்பைத் தின்று செத்துப்போகும். வெயிலில் வளரும் நெல்லுக்கோ சூரியகாந்திக்கோ அந்த அளவு அதிகம், ஏனென்றால் அவற்றின் செலவு பெரிது: தடித்த இலை, வேகமான வளர்ச்சி, ஏகப்பட்ட புரதம், எல்லாவற்றுக்கும் பராமரிப்பு. குகைவாசிக்கு இரண்டே வழி. வரவைக் கூட்ட வேண்டும், அதாவது மற்றவர்களால் பிடிக்க முடியாத ஒளியைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் செலவைக் குறைக்க வேண்டும். உள்ளே போகப் போக இரண்டையும் சேர்த்தே செய்தாக வேண்டும்.

செலவைக் குறைப்பதில் பூக்கும் செடிகளே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குத் தென்மேற்குச் சீனா நல்ல உதாரணம். குவாங்சி, குய்சோ, யுன்னான் மாகாணங்கள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் மலைகள், ஆயிரக்கணக்கில் குகைகள். லண்டன் தாவரவியலாளர் அலெக்ஸ் மன்ரோவும் குவாங்சி தாவரவியல் நிறுவனத்துக்காரர்களும் சேர்ந்து அங்கே 60க்கும் மேற்பட்ட குகைகளில் இறங்கிப் பட்டியல் எடுத்து 2018இல் வெளியிட்டார்கள். பெரணிகளையும் சேர்த்து 418 வகைத் தாவரங்கள், அதில் 31 வகை குகைக்கு வெளியே எங்கேயும் பதிவாகாதவை. அந்தக் குகைகளில் அதிகம் தென்படுவது நெட்டில் குடும்பம். ஊட்டிப் பக்கம் தொட்டால் சுரீரென்று எரியுமே, அந்தச் செடியின் சொந்தக்காரர்கள்தான், ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எரிக்காதவை, சாதுவானவை. 2012இல் விவரிக்கப்பட்ட பைலியா கேவர்னிகோலா என்ற செடி குவாங்சியின் ஃபெங்ஷான் பகுதியில் ஒரு குகைக்குள், வெளியில் இருக்கும் பகல் வெளிச்சத்தில் 0.04 சதவீதம் மட்டும் எட்டுகிற இடம் வரைக்கும் வளர்கிறது. ஒரு லட்சம் லக்ஸில் 0.04 சதவீதம் என்றால் 40 லக்ஸ். மாடிப்படி வளைவில் ஒரு சின்ன பல்பு போட்டால் இருக்கும் வெளிச்சம் அவ்வளவுதான். அதுவும் இருபத்துநாலு மணி நேரமும் எரியும் பல்பு இல்லை, வெளியே நல்ல வெயில் அடிக்கும் நேரத்தில் மட்டும். இதே பைலியா இனத்தைச் சேர்ந்த செடிகளைத்தான் இப்போது நர்சரிகளில் வீட்டுக்குள் வைக்கச் சொல்லி விற்கிறார்கள், அது தற்செயல் இல்லை.

பூச்செடிகள் இதற்கு மேல் உள்ளே போக முடியாது. வேர், தண்டு, இலைக்காம்பு என்று ஒளியைப் பிடிக்காத உறுப்புகளுக்கே பாதிச் சம்பாத்தியம் போய்விடும். மேலும் உள்ளே போகிறவை உடம்பே ஒரு செல்லாகவோ ஒரு நூலாகவோ இருப்பவை, அதாவது உடம்பு முழுக்கவே ஒளி பிடிக்கும் உறுப்பாக இருப்பவை. சயனோபாக்டீரியாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. செடிகளின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்றாகப் பிடிக்கும், நடுவில் இருக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சைப் பெரும்பாலும் கோட்டைவிட்டுவிடும். சயனோபாக்டீரியா பச்சையத்தோடு பைகோஎரித்ரின், பைகோசயனின் என்று வேறு நிறமிகளையும் வைத்திருக்கிறது, அவை அந்த நடு இடைவெளியை அடைத்துவிடுகின்றன. வெளிச்சம் குறையக் குறைய இந்த நிறமிகளைக் கூடுதலாகச் செய்து அடுக்கிக்கொள்ளும். வெயிலில் வாழும்போது புற ஊதாக் கதிருக்காகப் பூசிக்கொள்ளும் பழுப்பு நிறப் பாதுகாப்புச் சாயத்தைக் குகைக்குள் செய்வதில்லை, தேவையில்லாத செலவு.

இதுவரைக்கும் சொன்னது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் கதை. எனக்கு இந்த விஷயத்தில் உண்மையிலேயே வாய் பிளக்க வைத்தது அதற்கு அடுத்தது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் கேவர்ன்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே குகை நுண்ணுயிரியலாளர் ஹேசல் பார்ட்டனும், லார்ஸ் பேரென்ட், மைக்கேல் கூல் உள்ளிட்ட டென்மார்க் குழுவினரும் சுவர்களை ஆராய்ந்து 2020இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த படலங்களில் வழக்கமான பச்சையம். உள்ளே, கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாத இடத்தில் டார்ச் அடித்தால் அங்கேயும் சுவர் பச்சை, ஆனால் அந்த உயிர்களிடம் இருந்தது வேறு வகைப் பச்சையம், குளோரோபில் டி, குளோரோபில் எஃப் என்று பெயர். இவை பிடிப்பது 700 நானோமீட்டருக்கு மேலே, அதாவது நாம் சிவப்பு என்று சொல்வது முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் எல்லையில் இருக்கிற ஒளியை. நம் கண்ணுக்கு அது இருட்டு.

சரி, கண்ணுக்குத் தெரியும் ஒளியே உள்ளே வராதபோது அகச்சிவப்பு மட்டும் எப்படி வரும்? இங்கேதான் சுண்ணாம்புக்கல் உள்ளே வருகிறது. குகைக்குள் ஒளி நேராக வருவதில்லை, சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்துத்தான் வருகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பங்கைக் கல் விழுங்கிவிடும், போதாததற்கு வாசல் பக்கத்துப் பாசிகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். ஆனால் சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியைச் சுண்ணாம்புக்கல் அவ்வளவாக விழுங்குவதில்லை, நன்றாகத் திருப்பி அடிக்கிறது. பல தடவை தெறித்தபின் மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு நமக்குத் தெரியாத அந்த ஒளிதான். கடலில் இது அப்படியே தலைகீழ். தண்ணீர் சிவப்பை முதலிலேயே விழுங்கிவிடும், ஆழத்துக்குப் போவது நீலமும் நீலப்பச்சையும்தான். அதனால்தான் 1984இல் பஹாமாஸ் பக்கம் 268 மீட்டர் ஆழத்தில், மேற்பரப்பு வெளிச்சத்தில் 0.0005 சதவீதத்தில் வாழ்ந்துகொண்டிருந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு சிவப்புப் பாசி, நீலப்பச்சையை உறிஞ்சும் நிறமி கொண்டது. இரண்டு இடத்திலும் வறுமை ஒன்றுதான், ஆனால் மிஞ்சிய ஒளியின் நிறம் வேறு, அதனால் அதைப் பிடிக்கும் கருவியும் வேறு. "குறைந்த ஒளிக்குத் தகவமைப்பு" என்று பாடப்புத்தகத்தில் ஒரே தலைப்பில் போட்டு முடித்துவிடுவது எவ்வளவு தப்பு என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்தப் பச்சையங்களின் வரலாறும் சுவாரஸ்யமானது, கொஞ்சம் பக்கவாட்டில் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குளோரோபில் டியை 1943இலேயே மேனிங், ஸ்ட்ரெய்ன் என்ற இருவர் சிவப்புப் பாசியிலிருந்து எடுத்ததாக எழுதினார்கள். மற்றவர்கள் தேடினால் சில சமயம் கிடைத்தது, பல சமயம் கிடைக்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில் பச்சையம் சிதைந்து உருவான ஏதோ ஒன்று என்று விஷயத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து 1996இல், பசிபிக் தீவு நாடான பலாவ் கடலில் எடுத்த ஒரு சயனோபாக்டீரியாவின் முக்கியப் பச்சையமே குளோரோபில் டிதான் என்று மியாஷிட்டா குழு காட்டியது. இன்னும் சில வருஷம் கழித்து அதன் சொந்தக்காரர்கள் சிவப்புப் பாசியின் மேல் ஒட்டி வாழ்வது தெரிந்தது. 1943இல் எடுத்தது சரிதான், ஆனால் அது பாசியுடையது இல்லை, பாசியின் மேல் குடியிருந்த வாடகைக்காரருடையது! குளோரோபில் எஃப் வந்தது 2010இல். ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே கடற்கரையில் உள்ள ஸ்ட்ரோமட்டோலைட் பாறைகளிலிருந்து (நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை) எடுத்த மாதிரியில் மின் சென் கண்டுபிடித்தார்.

ஆரம்பத்தில் இவையெல்லாம் ஏதோ அபூர்வ விதிவிலக்குகள் என்றே நினைத்தார்கள். 2014இல் டொனால்ட் பிரையண்ட் குழு அதைக் கலைத்துப் போட்டது. சாதாரணப் பச்சையத்தோடு வாழும் சில சயனோபாக்டீரியாவைச் சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியில் மட்டும் வளர்த்தால், சுமார் 20 மரபணுக்கள் கொண்ட ஒரு தொகுதி விழித்துக்கொள்கிறது, ஒளியைப் பிடிக்கும் இயந்திரத்தின் பாகங்களையே கழற்றி மாற்றுகிறது, குளோரோபில் எஃப் செய்கிறது. வெள்ளை ஒளியில் திரும்ப வைத்தால் பழையபடி. அதாவது குகைக்கென்று தனியாகப் பிறந்த உயிர் வேண்டும் என்பதே இல்லை. வாசலில் சாதாரணமாக வாழும் ஒன்று உள்ளே தள்ளப்பட்டால் உடுப்பை மாற்றிக்கொண்டு வாழ முடியும், அந்தத் தொகுதி அதனிடம் இருந்தால். 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அதுவரை நிறைய பேர் குளோரோபில் எஃப் வெறுமனே ஒளியைப் பிடித்துப் பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பச்சையத்துக்குக் கொடுக்கிற எடுபிடி என்று நினைத்தார்கள். குரோகோகிடியாப்சிஸ் என்ற சயனோபாக்டீரியாவில் அது வேதிவினையையே முன்னின்று செய்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அப்போதும் மொத்தப் பச்சையத்தில் அது பத்தில் ஒரு பங்குதான். இந்தக் குரோகோகிடியாப்சிஸ் இனம் பாலைவனக் கல்லுக்குள்ளும் இருக்கும், குகையிலும் இருக்கும், எங்கேதான் இருக்காது என்று கேட்கிற ஜாதி.

நிறமியை மாற்றுவது ஒரு வழி என்றால், ஒளியைக் குவிப்பது இன்னொரு வழி. ஸ்கிஸ்டோஸ்டீகா பென்னாட்டா என்ற ஒரு மாஸ். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் எல்லாவற்றிலும் உண்டு, ஆனால் சுண்ணாம்புக்கல் அதற்கு ஆகாது, அமிலத்தன்மையுள்ள பாறை இடுக்கு, முயல் வளை, மரவேரடிக் குழி, கற்குகை ஆகியவைதான் வீடு. மாஸ் வித்திலிருந்து முளைத்ததும் முதலில் நூல் போன்ற ஒரு பருவம் வரும், மற்ற மாஸ்களில் அது சீக்கிரம் முடிந்துவிடும், இதில் அது நெடுநாள் தங்குகிறது. அந்த நூலின் சில செல்கள் உருண்டையாக லென்ஸ் மாதிரி உப்பி, ஒரே தளத்தில் அடுக்காக உட்காரும். வாசல் பக்கமிருந்து வரும் மங்கிய ஒளியை லென்ஸ் குவித்து செல்லின் பின்புறத்தில் விழவைக்கும், பசுங்கணிகங்கள், அதாவது செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் உறுப்புகள், எல்லாம் அந்தப் புள்ளியில் போய்க் கூடியிருக்கும். ஒளி வரும் திசை மாறினால் அவையும் நகரும். பிடிக்காமல் விட்ட பச்சை ஒளி வந்த வழியே திரும்பிப் போகும், அதனால் வாசலுக்கு முதுகைக் காட்டி உள்ளே பார்க்கிறவருக்குத் தரை முழுக்கத் தங்கப்பச்சையாக மின்னும். ஒளிரும் மாஸ் என்று பெயர் வைத்திருந்தாலும் அது தானாக ஒளிர்வதில்லை, மின்மினி மாதிரி இல்லை. நீங்கள் வாசலை மறைத்து நின்றாலே அணைந்துவிடும்.

ஐரோப்பாவில் பழைய கதைகளில் இதைக் குகைப் பூதத்தின் தங்கம் என்றார்கள், உள்ளே பளபளக்கும், கையில் அள்ளி வெளியே கொண்டுவந்தால் வெறும் மண். கதைவிட்டவர்கள் ஒளியியலைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். ஜப்பானில் இதற்கு மரியாதை அதிகம். ஹொக்கைடோவில் ரௌசு ஊரின் மக்கௌசு குகை, சைத்தாமாவில் பாறையில் குடைந்த பழங்காலக் கல்லறைகள் நிறைந்த யோஷிமி மலை எல்லாம் இதற்குப் பேர்போன இடங்கள், டோக்கியோ அரண்மனை அகழிச் சுவரில்கூட இருக்கிறது.

லென்ஸ் தவிர வேறு தந்திரமும் உண்டு. மலேசியக் காட்டின் அடித்தட்டில் பெகோனியா பவோனினா என்ற செடியின் இலை நீலமாக மினுங்கும். குகைச் செடி இல்லை, ஆனால் அதே பிரச்சினைதான். அதன் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தகடுகள் அச்சுப்போட்ட மாதிரி சம இடைவெளியில் அடுக்கப்பட்டு நீலத்தைத் திருப்பி அடிக்கின்றன, நிழலில் அதிகம் கிடைக்கும் பச்சையையும் சிவப்பையும் உள்ளே நிறுத்திப் பிடிக்கின்றன. 2016இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹெதர் விட்னி குழு அளந்ததில் குறைந்த ஒளியில் திறன் 5 முதல் 10 சதவீதம் வரை கூடியது. நமக்கு அது அற்பம். வரவும் செலவும் உரசிக்கொண்டு நிற்கும் இடத்தில் அதுதான் லாபம் முழுவதும்.

குகைக்குள் போய் ஒளிந்துகொள்கிறவற்றில் சில எதற்காகப் போயின என்று பார்த்தால் ஒளி காரணமே இல்லை. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கடற்கரையோரக் குகை ஒன்றில், சிலந்தி வலையின் மேல் வாழும் ஒரு துனாலியெல்லா பாசியை 2010இல் விவரித்தார்கள். துனாலியெல்லா என்றால் நம் ஊரில் உப்பளத் தண்ணீரைச் செம்மையாக்கும் பாசிதான், உப்புக்கரைசலில் நீந்தும் ஆள். அது எப்படி உலகத்தின் மிக வறண்ட பாலைவனத்தில் சிலந்தி வலைக்குப் போனது? கடல் மூடுபனி உள்ளே வரும்போது வலை இழைகளில் பனித்துளி கோக்கிறது, அந்த ஈரம்தான் விஷயம். வெளியே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தண்ணீர் இல்லை. உள்ளே வெளிச்சம் கம்மி, ஆனால் ஈரம் இருக்கிறது. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் கூமே என்ற இடத்தில் சிபில் குகையில் இருக்கும் சயனீடியம் பாசியும் ஏறக்குறைய இப்படிப்பட்ட முரண்தான். அதன் குடும்பம் அமிலம் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது, அந்த வட்டாரத்திலேயே எரிமலை ஊற்றுகளில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இது மட்டும் குளிர்ந்த மங்கிய சுவரில் அமைதியாகப் படிந்திருக்கிறது. குகை பலருக்கு அடைக்கலம், வெப்பம் மாறாது, காய்ந்துபோகாது, போட்டி இல்லை. வாடகையாக வெளிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

சுவரில் படிந்திருப்பவை சும்மாவும் இருப்பதில்லை. இஸ்ரேல் குகைகளிலிருந்து 1955இல் இம்ரே ஃப்ரீட்மன் விவரித்த கைட்லேரியா கல்கேரியா என்ற சயனோபாக்டீரியா தன் நூல்களைச் சுற்றிச் சுண்ணாம்பு உறை கட்டிக்கொள்கிறது. (இதே ஃப்ரீட்மன்தான் பின்னாளில் அண்டார்டிகாவில் கல்லுக்குள் வாழும் உயிர்களைக் கண்டுபிடித்துப் பிரபலமானார்.) மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் முலு மலைக் குகை வாசல்களில் நேர்மாறு, அங்கே நுண்ணுயிர்ப் படலம் கல்லைக் கரைக்கிறது, அதுவும் ஒளி படும் பக்கத்தில் மட்டும். வருஷங்கள் போகப் போகப் பாறையில் ஈட்டி ஈட்டியாக முனைகள் உருவாகி எல்லாமே வாசலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒளி எந்தக் கோணத்தில் வந்தது என்று கல்லே பதிவுசெய்து வைத்த மாதிரி.

இவ்வளவு கஞ்சத்தனமாக வாழும் உயிர்களுக்கு நாம் போய் விளக்கைப் போட்டால் என்ன ஆகும்? பிரான்சின் லாஸ்கோ குகையில் நடந்ததுதான் ஆகும். 1940இல் நாலு பையன்கள் கண்டுபிடித்த குகை, சுமார் 17,000 ஆண்டு பழைய மாடும் குதிரையும் மானும் வரைந்த சுவர்கள். 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாளைக்கு 1,200 பேர் வரை உள்ளே போனார்கள். விளக்கு வெளிச்சம் கொடுத்தது, மனித மூச்சு ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்தது, செருப்பும் துணியும் வித்துகளைக் கொண்டுவந்து போட்டன. 1960 வாக்கில் சுவரில் பச்சைப் புள்ளிகள். பச்சை நோய் என்றே பெயர் வைத்தார்கள். பிராக்டியோகாக்கஸ் என்ற சாதாரண மண்பாசிதான். 1963 ஏப்ரலில் அப்போதைய கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார், பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக்கும் பாசிக்கு ஃபார்மலினும் தெளித்தார்கள். பச்சை போனது. ஆனால் 2001இல் வெள்ளைப் பூஞ்சை, அப்புறம் கறுப்புக் கறைகள் என்று பிரச்சினை தொடர்ந்தது. இன்றைக்கு நாம் போய்ப் பார்ப்பது நகல்களைத்தான், முதல் நகல் 1983இல், பெரியது 2016 டிசம்பரில் திறந்தது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், அந்த நகலே போதும், உண்மையான குகைக்குள் போக வேண்டும் என்று அடம்பிடிக்க நமக்கு உரிமை இல்லை.

லாஸ்கோ பேர் பெற்றதால் தெரிகிறது, மற்றபடி விளக்கு போட்ட எல்லாக் குகைகளுக்கும் இதே கதைதான். ஸ்லோவேனியாவின் போஸ்தோய்னா குகைக்கு 1884இலேயே மின்விளக்கு வந்துவிட்டது. விளக்கைச் சுற்றிப் பச்சை வட்டம், முதலில் பாசி, அப்புறம் மாஸ், கடைசியில் குட்டிப் பெரணி. அந்தப் பெரணிகளும் மாஸ்களும் பெரும்பாலும் வித்து விடும் பருவத்துக்கே வராது, நோஞ்சானாக நீண்டு நிற்கும், ஆனாலும் சாகாது.

எந்த நிற விளக்கு போட்டால் வளராது என்று நிறைய முயற்சிகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் மாமத் குகையில் சுமார் 595 நானோமீட்டர் மஞ்சள் எல்.இ.டி. போட்டுப் பார்த்தார்கள், பச்சையம் பிடிக்காத இடைவெளி அது, சுத்தம் செய்த இடத்தில் பாசி திரும்ப வராமல் நல்ல பலன் கிடைத்தது. ரோம் நகரத்தின் நிலத்தடிக் கல்லறைகளில் தொல்லை சயனோபாக்டீரியா, அங்கே பாத்ரீசியா அல்பெர்தானோ குழு நீல விளக்கைச் சோதித்தது, ஏனென்றால் சயனோபாக்டீரியாவின் நிறமிகள் நீலத்தை மோசமாகவே பயன்படுத்தும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கு பச்சைப்பாசியைப் பட்டினி போடும், ஆனால் பைகோசயனின் வைத்திருப்பவனுக்கு அது சாப்பாடு. நீல விளக்கு சயனோபாக்டீரியாவை ஒடுக்கும், பச்சைப்பாசிக்கும் மாஸுக்கும் அது விருந்து. எல்லோருக்கும் பிடிக்காத நிறம் என்று ஒன்று இல்லை. சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தூக்கலாக இருக்கும், குகையை நவீனப்படுத்துகிறோம் என்று அதை வரிசையாக மாட்டுகிறவர்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

மருந்து அடிப்பதிலும் தலைவலி. பிளீச்சிங் கரைசல் பச்சையை உடனே வெளுக்கும், ஆனால் அதிலிருந்து வரும் குளோரின் குகைக்குள் வாழும் மற்ற சின்ன உயிர்களையும் கொல்லும். ஹைட்ரஜன் பெராக்சைடு 15 சதவீதத்தில் அடித்தால் விஷவாயு இல்லை, ஆனால் அது சுண்ணாம்பை அரிக்கும், அதனால் செக் நாட்டில் அந்தத் திரவத்தில் முன்கூட்டியே சுண்ணாம்புக்கல் துண்டுகளை ஊறப்போட்டு அதன் பசியை அடக்கிவிட்டு அப்புறம் தெளிக்கும் முறையைச் சோதித்தார்கள். எனக்குப் பிடித்த தீர்வு இது. ஆனால் எதை அடித்தாலும் விளக்கு தொடர்ந்து எரிந்தால் மறுபடி வந்துவிடும். சில பச்சைப்பாசிகள் சுவரில் படிந்த அழுக்கைத் தின்றே ரொம்ப நாள் இருட்டில் தாக்குப்பிடிக்கக்கூடியவை, ஒரு சீசன் மூடிவைத்தால் செத்துவிடும் என்று கணக்குப் போட முடியாது.

ஆக உருப்படியான வழி ஆள் வரும்போது மட்டும் எரிந்து அணையும் விளக்கு, சுவரிலிருந்து தள்ளி வைத்த விளக்கு, குறைந்த விளக்கு. சுற்றுலாப் பயணியாகப் போகும் நாம் செய்யக்கூடியது இன்னும் சின்னது: விளக்குப் பக்கத்தில் பச்சையைப் பார்த்தால் விரலால் சுரண்டிப் பார்க்காதீர்கள், சுரண்டிய விரலோடு அடுத்த சுவரைத் தொடுவீர்கள், அங்கேயும் ஒரு விளக்கு இருக்கும்.